மருத்துவ ஏஐ: 'துல்லியம்' என்ற எண்ணை எப்படிப் படிப்பது?

'மருத்துவர்களை மிஞ்சியது ஏஐ' என்ற செய்தி அடிக்கடி வருகிறது. ஒருமுறை மார்பகப் புற்றுநோய், ஒருமுறை கண், அடுத்த முறை இதயம் என்று நோய்தான் மாறும், தலைப்பு மாறாது. ஆனால் அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்பவர் கண்ணில் அந்த ஏஐ எங்கேயும் படுவதில்லை. செய்தி பொய்யா, இல்லை மருத்துவமனைகள்தான் மந்தமா என்று குழப்பம் வருவது இயல்பு.

பெரும்பாலும் இரண்டும் இல்லை. செய்தியில் வரும் எண், குறிப்பிட்ட ஒரு படத்தொகுப்பில் அந்த மென்பொருள் வாங்கிய மதிப்பெண். மருத்துவமனை நடத்துபவருக்குத் தெரியவேண்டியது, தன் வாசலுக்கு வரும் நோயாளிகளிடம், தன் ஊழியர்கள் கையில், தன் கரண்டிலும் இன்டர்நெட்டிலும் அது எவ்வளவு உருப்படியாக வேலை செய்யும் என்பது. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதை ஊகித்துவிட முடியாது. ஏன் முடியாது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

எந்த ஏஐயைப் பற்றிப் பேசுகிறோம்?

மருத்துவத்தில் ஏஐ என்று ஒரே பெயரில் சொன்னாலும், மூன்று வேறு வேறு சரக்குகள் அந்தப் பெயரில் விற்கப்படுகின்றன.

1. படம் பார்ப்பவை. எக்ஸ்ரே, ஸ்கேன், விழித்திரைப் படம் ஆகியவற்றைப் பார்த்து நோய் அறிகுறி இருக்கிறதா என்று சொல்பவை.
2. முன்கூட்டி எச்சரிப்பவை. உள்நோயாளியின் இரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, பரிசோதனை முடிவுகளை வைத்து 'இவர் நிலை மோசமாகப் போகிறது' என்று மணி அடிப்பவை.
3. எழுதுபவை, பேசுபவை. சாட்ஜிபிடி வகையறா. கேள்விக்குப் பதில் சொல்லும், மருத்துவர் பேசுவதைக் கேட்டுக் குறிப்பு எழுதும்.

முதல் வகையில்தான் ஆய்வுகள் அதிகம் நடந்திருக்கின்றன. அதனால் இந்தக் கட்டுரையும் அங்கேதான் அதிக நேரம் நிற்கும்.

துல்லியம் ஒரே எண் இல்லை

ஒரு ஊரில் 100 பேரைப் பரிசோதிக்கிறோம். 95 பேருக்கு நோய் இல்லை. எல்லோர் சீட்டிலும் 'நோய் இல்லை' என்று முத்திரை குத்தி அனுப்பினால்கூட 95 சதவீதம் துல்லியம் வந்துவிடும். நோயுள்ள 5 பேரையும் கோட்டை விட்டிருப்போம். அதனால் மருத்துவ ஆய்வுகளில் வெறும் 'துல்லியம்' என்று சொல்வதில்லை, இரண்டு எண்களாகப் பிரித்துச் சொல்வார்கள்.

1. சென்சிட்டிவிட்டி: நோய் உள்ளவர்களில் எத்தனை சதவீதம் பேரைச் சரியாகப் பிடிக்கிறது. இதைப் பிடிக்கும் திறன் என்று வைத்துக்கொள்வோம்.
2. ஸ்பெசிஃபிசிட்டி: நோய் இல்லாதவர்களில் எத்தனை சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடுகிறது. இது விலக்கும் திறன்.

இரண்டும் 90 சதவீதம் உள்ள ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது சர்க்கரை நோய் மருத்துவமனைக்கு வரும் 1,000 பேரை அது பார்க்கிறது, அவர்களில் 100 பேருக்கு உண்மையில் கண் பாதிப்பு இருக்கிறது என்று கொள்வோம். 90 பேரைப் பிடிக்கும், 10 பேரைத் தவறவிடும். பாதிப்பு இல்லாத 900 பேரில் 90 பேரைத் தவறாக 'இருக்கிறது' என்று சொல்லும். ஆக, அது கைகாட்டிய 180 பேரில் பாதிப்பேர் உண்மையான நோயாளிகள்.

அதே மென்பொருளை, 1,000 பேரில் 10 பேருக்கு மட்டுமே அந்த நோய் உள்ள ஒரு முகாமில் வைத்துப் பாருங்கள். 9 பேரைப் பிடிக்கும். மீதி 990 பேரில் 99 பேரைத் தவறாகக் கைகாட்டும். மொத்தம் 108 பேரில் 9 பேருக்குத்தான் நோய். மென்பொருளில் ஒரு வரி மாறவில்லை, ஆனால் அது 'நோய் இருக்கிறது' என்று சொன்னால் நம்பலாமா என்ற கேள்விக்குப் பதில் தலைகீழாகிவிட்டது. விளம்பரக் கையேடுகளில் இந்தக் கணக்கு அநேகமாக இருக்காது. வாங்குபவர்தான் உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம், வெட்டுப்புள்ளி. இந்த மென்பொருள்கள் 'ஆம், இல்லை' என்று நேராகச் சொல்வதில்லை. உள்ளுக்குள் ஒரு மதிப்பெண் கொடுக்கும். எவ்வளவுக்கு மேலே போனால் 'ஆம்' என்று நாம்தான் கோடு போடுகிறோம். கோட்டைக் கீழே இறக்கினால் நிறையப் பேர் பிடிபடுவார்கள், வீண் அலைச்சலும் கூடும். மேலே ஏற்றினால் அலைச்சல் குறையும், சில நோயாளிகள் நழுவுவார்கள். இதில் எது மேல் என்பதை நிரல் எழுதுபவர் முடிவு செய்ய முடியாது. நழுவினால் என்ன ஆகும், அலைந்தால் என்ன செலவு என்று தெரிந்தவர்கள் முடிவு செய்ய வேண்டியது அது.

ஒரே மென்பொருள், மூன்று தேர்வுகள்

சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் பாதிப்புதான் டயாபடிக் ரெட்டினோபதி. மெல்லிய இரத்தக் குழாய்கள் கசிந்து, அடைத்து, கடைசியில் பார்வையைப் பறிக்கும். ஆரம்பத்தில் நோயாளிக்கு எதுவும் தெரியாது. பார்வை மங்குகிறது என்று அவராக வரும்போது பல நேரம் காலம் கடந்திருக்கும். அதனால்தான் சர்க்கரை நோயாளிகள் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி என்று ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023-இல் சொன்னது. அத்தனை பேரின் படங்களையும் வருடாவருடம் பார்க்க விழித்திரை மருத்துவர்கள் போதாது. ஏஐக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைப்பது கஷ்டம்.

முதல் தேர்வு, 2016. கூகுள் ஆய்வாளர்கள் 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொடுத்து ஒரு மென்பொருளைப் பழக்கினார்கள். படங்கள் அமெரிக்காவிலிருந்தும், மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயணா நேத்ராலயா ஆகிய இந்தியக் கண் மருத்துவமனைகளிலிருந்தும் வந்தவை. 54 கண் மருத்துவர்கள் பங்கேற்று, ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு முறை தரம் பிரித்தார்கள். பிறகு சோதனைக்கென்று தனியாக வைத்திருந்த படத்தொகுப்பு ஒன்றில் ஒரு வெட்டுப்புள்ளியில் பிடிக்கும் திறன் 90.3 சதவீதம், விலக்கும் திறன் 98.1 சதவீதம். கோட்டை இறக்கிப் போட்டபோது அதே படங்களில் 97.5, 93.4. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது இந்தத் தேர்வுதான். இது கணினி முன்னால் உட்கார்ந்து, ஏற்கெனவே எடுத்துவைத்த படங்களில் நடந்த தேர்வு என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது தேர்வு மதுரையிலும் சென்னையிலும். அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் வந்த 3,049 சர்க்கரை நோயாளிகளிடம் புதிதாகப் படமெடுத்துச் சோதித்து, முடிவை 2019-இல் வெளியிட்டார்கள். அரவிந்தில் பிடிக்கும் திறன் 88.9, விலக்கும் திறன் 92.2. சங்கர நேத்ராலயாவில் 92.1, 95.2. அதே படங்களைப் பார்த்துத் தரம் பிரித்த மனிதர்களின் பிடிக்கும் திறன் 73-லிருந்து 90 வரை ஆளுக்கு ஆள் வேறுபட்டது. முதல் தேர்வோடு ஒப்பிட்டால் எண்கள் கொஞ்சம் இறங்கியிருக்கின்றன, ஆனாலும் மனிதர்களுக்குக் குறைவில்லை. சரி, இதோடு முடித்துவிட்டு நாடு முழுக்க வைத்துவிடலாமே என்று தோன்றும். இரண்டுமே பெரிய கண் மருத்துவமனைகள். படமெடுப்பதையே தொழிலாகச் செய்யும் ஆட்கள், நல்ல கேமரா, அதற்கென்று அறை, பக்கத்து அறையில் மருத்துவர் எல்லாம் அங்கே இருக்கிறது.

மூன்றாவது தேர்வு தாய்லாந்தில். அங்கே சுமார் 45 லட்சம் சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரை நிபுணர்கள் ஏறத்தாழ 200 பேர். ஊர்ப்புற மருத்துவ மையங்களில் நர்ஸ்கள் படமெடுத்து அனுப்புவார்கள், நிபுணர் பார்த்துப் பதில் வரப் பத்து வாரம்கூட ஆகும். மென்பொருள் வந்தால் பத்து நிமிடத்தில் முடிவு என்பதுதான் எதிர்பார்ப்பு. 2018 நவம்பரிலிருந்து 2019 ஆகஸ்ட் வரை கூகுளின் ஆய்வுக் குழு 11 மையங்களில் போய் உட்கார்ந்து, நர்ஸ்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தது. அவர்கள் எழுதியது, மருத்துவ ஏஐ பற்றி நான் படித்தவற்றில் மிகப் பயனுள்ள ஆய்வு. தங்கள் சொந்தச் சரக்கின் குறையைத் தாங்களே எழுதினார்கள் என்பதற்காகவும் அதைச் சொல்ல வேண்டும்.

என்ன நடந்தது?

1. முதல் ஆறு மாதத்தில் ஏற்றிய 1,838 படங்களில் 393 படங்களை, அதாவது 21 சதவீதத்தை, 'தரம் போதாது' என்று மென்பொருள் திருப்பியது. விழித்திரையைப் படமெடுக்க அறை இருட்டாக இருந்தால்தான் கண்மணி விரியும். பல மையங்களில் அப்படி இருட்டாக்கக்கூடிய தனி அறையே கிடையாது, மற்ற வேலைகள் நடக்கும் அறையில்தான் படமெடுப்பும் நடந்தது. தவறாகச் சொல்வதைவிடச் சொல்லாமலிருப்பது மேல் என்று மென்பொருளைக் கறாராக அமைத்திருந்தார்கள். ஆய்வகத்தில் அது நல்ல குணம். இங்கே, ஓரத்தில் சற்று மங்கலாக இருந்து, 'எனக்கே தெரிகிறதே' என்று நர்ஸ் சொல்லும் படத்தையும் அது ஏற்க மறுத்தது.

2. படம் தேறவில்லை என்றால் நோயாளி பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது ஆய்வின் விதி. கண்ணில் ஒன்றும் இல்லாதவராகவும் இருக்கலாம். ஒருநாள் கூலியை விட்டு, வண்டி பிடித்து, தூரத்து ஊருக்குப் போக வேண்டும். இது தெரிந்த சில நர்ஸ்கள், 'இந்த ஆய்வில் சேராதீர்கள்' என்று நோயாளிகளிடமே சொல்லியிருக்கிறார்கள். இது அவர்களின் அனுபவ அறிவு. எந்தத் துல்லிய அட்டவணையிலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

3. படங்கள் இணையம் வழியாக வேறிடத்துக்குப் போய் முடிவு வர வேண்டும். இணைப்பு மெதுவாக இருந்த இடத்தில் காலை ஆறு மணியிலிருந்து காத்திருந்தவர்களில் முதல் இரண்டு மணி நேரத்தில் பத்துப் பேரைத்தான் பார்க்க முடிந்தது. இன்னொரு மையத்தில் இரண்டு மணி நேரம் நெட் போனதால் 200 பேரைப் பார்க்க வேண்டிய நாளில் 100 பேரோடு நின்றது.

இதில் மென்பொருளின் மூளை எங்கேயும் தோற்கவில்லை. அறையும் விதியும் இணைப்பும்தான் தோற்றன. பிறகு குழு விதியை மாற்றியது: தேறாத படம் என்றால் நோயாளியை நேரே அலையவிடாமல், படத்தையும் அவர் மருத்துவக் குறிப்பையும் கண் நிபுணர் பார்த்து முடிவு செய்வது என்று. அதற்கு ஏஐ தேவைப்படவில்லை, யாராவது ஒருவர் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

கணினி எதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது?

மனித மருத்துவர் நுரையீரலைப் பார்த்து நிமோனியா என்கிறார். கணினியும் நுரையீரலைத்தான் பார்க்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2018-இல் இதைச் சோதித்தார்கள். தங்கள் மருத்துவமனைப் படங்களையும் அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தின் படங்களையும் கலந்து கொடுத்துப் பழக்கினால், படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதை அது 99 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டது. படத்தின் மூலையில் வைக்கும் உலோகக் குறி போன்றவையே அதற்குத் துப்பு. மவுண்ட் சைனாய் படங்களில் 34 சதவீதம் நிமோனியா, மற்றதில் 1 சதவீதம்தான். அப்புறம் என்ன, மருத்துவமனை தெரிந்தாலே பாதி விடை தெரிந்த மாதிரி. வேறொரு மருத்துவமனையின் படங்களைக் கொடுத்தால் மதிப்பெண் சரிந்தது.

கோவிட் காலத்தில் இது பெரிய அளவில் நடந்தது. எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் கோவிட்டைக் கண்டுபிடிக்கிறோம் என்று ஆயிரக்கணக்கான ஆய்வுகள் வந்தன. கேம்பிரிட்ஜ் தலைமையிலான குழு 2,212 ஆய்வுகளில் தொடங்கி, தரம் பார்த்து வடிகட்டி, 62-ஐ மட்டும் விரிவாகப் படித்தது. மருத்துவமனையில் பயன்படுத்தத் தகுந்தது ஒன்றுகூட இல்லை என்று 2021-இல் எழுதியது. பல ஆய்வுகளில் 'கோவிட் இல்லாதவர்' என்று கொடுத்த படங்கள் குழந்தைகளுடையவை. அந்த மென்பொருள் குழந்தையையும் பெரியவரையும் பிரிக்கக் கற்றிருக்கலாம்.

விடைத்தாளே தவறாக இருந்த கதையும் உண்டு. அமெரிக்காவில் எந்த நோயாளிக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று தேர்ந்தெடுக்கும் ஒரு கணக்கீட்டை 2019-இல் ஒரு ஆய்வுக் குழு பிரித்துப் பார்த்தது. 'யார் அதிக நோயாளி' என்பதற்குப் பதிலாக 'யாருக்கு அதிக மருத்துவச் செலவு ஆகும்' என்பதை அது கணித்துக்கொண்டிருந்தது. கறுப்பினத்தவருக்கு அதே அளவு நோய் இருந்தும் செலவிடப்படுவது குறைவு. எனவே அவர்கள் பட்டியலில் கீழே போனார்கள். இதைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவர் 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயர்வார்கள் என்று அந்தக் குழு கணக்கிட்டது. மென்பொருள் தனக்குக் கொடுத்த கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொன்னது.

மணி அடித்துக்கொண்டே இருந்தால்

செப்சிஸ் என்பது தொற்றுக்கு எதிராக உடல் காட்டும் எதிர்ப்பு கட்டுமீறிப் போய், சொந்த உறுப்புகளையே பாதிக்கும் நிலை. சில மணி நேரம் தாமதித்தாலும் உயிருக்கு ஆபத்து. இதை முன்கூட்டியே சொல்லும் மென்பொருளை, அமெரிக்க மருத்துவமனைகளில் நோயாளிப் பதிவேடுகளை நடத்தும் எபிக் நிறுவனம் கொடுத்தது. நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் ஓடியது. வெளியார் யாரும் பெரிதாகச் சோதிக்கவில்லை.

மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை சோதித்து 2021-இல் வெளியிட்டது. 38,455 உள்நோயாளிச் சேர்க்கைகளில் 2,552-இல் செப்சிஸ் வந்தது. அதில் 1,709-ஐ, அதாவது மூன்றில் இரண்டு பங்கை, மென்பொருள் கவனிக்கவில்லை. இன்னொரு பக்கம், மொத்தச் சேர்க்கைகளில் 18 சதவீதத்துக்கு மணி அடித்தது. மணி அடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான் உண்மையில் செப்சிஸ்.

இரவுப் பணியில் இருக்கும் நர்ஸின் இடத்திலிருந்து பார்த்தால் இதன் பொருள் புரியும். எட்டு முறை ஓடிப்போய்ப் பார்த்தால் ஒருமுறை உண்மை. கொஞ்ச நாளில் மணி காதில் விழாமலே போய்விடும். மருத்துவத்தில் இதை அலார்ம் ஃபட்டீக் என்பார்கள். நோயாளி மானிட்டர்கள் வந்த காலத்திலிருந்தே இருக்கும் தொல்லை. மென்பொருளால் எவ்வளவு நன்மை என்று கணக்கிடுபவர்கள், அது தின்ற நேரத்தையும் எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டும். சரியான நேரத்தில் ஆன்டிபயாடிக் கிடைக்காமல் போன செப்சிஸ் நோயாளிகளில் இந்த மென்பொருள் கண்டுகொடுத்தவர்கள் 183 பேர் மட்டுமே என்று அதே ஆய்வு சொன்னது. மற்ற செப்சிஸ் நோயாளிகளுக்கு மருத்துவர்களே சரியான நேரத்தில் மருந்து கொடுத்துவிட்டார்கள், அல்லது இருவருமே தவறவிட்டார்கள்.

மருத்துவரும் மென்பொருளும் சேரும்போது

'முடிவெடுப்பவர் மருத்துவர்தான், ஏஐ உதவி மட்டுமே' என்பது எல்லா நிறுவனங்களும் சொல்லும் சமாதானம். கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் இருவரும் சேர்ந்தால் விளைவு இருவரின் கூட்டுத்தொகை என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

நல்ல உதாரணத்தை முதலில் சொல்லிவிடலாம். ஸ்வீடனில் 80,033 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவின் மார்பக எக்ஸ்ரேக்களை வழக்கம்போல இரண்டு கதிரியக்க மருத்துவர்கள் பார்த்தார்கள். இன்னொன்றில் ஏஐ முதலில் ஆபத்து அளவைப் பிரித்து, குறைந்த ஆபத்துள்ளதை ஒருவரும் அதிக ஆபத்துள்ளதை இருவரும் பார்த்தார்கள். 2023-இல் வந்த முதல் முடிவில் வாசிப்பு வேலை 44 சதவீதம் குறைந்தது. புற்றுநோய் கண்டறிந்தது ஆயிரத்துக்கு 5.1-க்குப் பதில் 6.1. மருந்தைச் சோதிப்பதுபோலவே ஏஐயையும் சோதிக்க முடியும் என்பதற்கு இது சான்று. இப்படி நடந்த ஆய்வுகள் குறைவு என்பதுதான் வருத்தம்.

இப்போது போலந்து. பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபியில் புற்றுநோய்க்கு முந்தைய கட்டிகளை ஏஐ திரையில் கட்டம் போட்டுக் காட்டும். நான்கு மையங்களில் இது வந்த பிறகு, ஏஐ இல்லாமல் செய்த பரிசோதனைகளை ஆராய்ந்தார்கள். முன்பு 28.4 சதவீதப் பரிசோதனைகளில் கட்டி கண்டுபிடித்தவர்கள், இப்போது 22.4 சதவீதத்தில்தான் கண்டுபிடித்தார்கள் என்று 2025-இல் எழுதினார்கள். கட்டத்துக்குக் காத்திருந்து பழகிய கண், கட்டம் இல்லாதபோது தேடுவதில்லை போலிருக்கிறது. நோயாளிகளின் கலவை மாறியிருக்கவும் வாய்ப்புண்டு, ஒரே ஆய்வை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. ஆனால் கரண்ட் போனாலோ உரிமக் கட்டணம் கட்டாமல் விட்டாலோ மருத்துவரின் கை என்ன நிலையில் இருக்கும் என்பதை இனி கேட்காமல் இருக்க முடியாது.

பேசும் ஏஐயில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் பத்து மருத்துவச் சூழல்களை எழுதி சாட்ஜிபிடி வகையைச் சேர்ந்த மூன்று மொழி மாதிரிகளிடம் நேரடியாகக் கொடுத்தபோது 94.9 சதவீதம் நோயைச் சரியாகச் சொன்னது. பிறகு 1,298 சாதாரண ஆட்களிடம் அதே சூழல்களைக் கொடுத்து, ஒரு பகுதியினரைத் தாங்களாகத் தேடச் சொல்லிவிட்டு, மற்றவர்களிடம் 'உங்களுக்கே இப்படி வந்ததாக வைத்துக்கொண்டு ஏஐயிடம் கேளுங்கள்' என்றார்கள். ஏஐயிடம் கேட்டவர்கள் சரியான நோயைக் குறிப்பிட்டது 34.5 சதவீதத்துக்கும் குறைவு. ஏஐ இல்லாமல் தாங்களாகத் தேடியவர்களைவிட அவர்கள் மேலாகச் செய்யவில்லை. எதைச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, ஏஐயும் மருத்துவரைப் போலத் துருவிக் கேட்கவில்லை. 'மருத்துவத் தேர்வில் பாஸ் ஆன ஏஐ' என்ற செய்தியைப் படிக்கும்போது இந்த ஆய்வை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் எதுவரை பார்க்கிறது?

மருத்துவர் உடனில்லாமல் தானாகவே முடிவு சொல்லும் ஏஐக்கு, மருந்துகளுக்கும் மருத்துவச் சாதனங்களுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. முதல் அனுமதி கொடுத்தது 2018 ஏப்ரலில். அதுவும் விழித்திரைப் பாதிப்புக்குத்தான், ஐடிஎக்ஸ்-டிஆர் என்ற சாதனம். பத்து ஆரம்ப சிகிச்சை மையங்களில் 900 பேரிடம் சோதித்த பிறகே கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அங்கே அனுமதி பெற்ற ஏஐ சாதனங்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. பெரும்பாலானவை 'சந்தையில் ஏற்கெனவே உள்ள சாதனத்துக்கு நிகரானது' என்ற வழியில் உள்ளே வந்தவை. அந்த வழியில் புதிய நோயாளிகளிடம் சோதனை நடத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பல நேரம் இல்லை.

இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் மென்பொருளும் மருத்துவச் சாதனம் என்ற வரையறைக்குள் வந்து, மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் கீழ் இருக்கிறது. ஐ.சி.எம்.ஆர். 2023-இல் மருத்துவ ஏஐக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. ஆனால் அவை வழிகாட்டுதல்கள். மீறினால் என்ன தண்டனை என்று தேடினால் கிடைக்காது.

அனுமதி கிடைத்த நாளோடு விஷயம் முடிவதும் இல்லை. மாத்திரையின் வேதிப்பொருள் பத்து வருடம் கழித்தும் அதேதான். மென்பொருள் அப்டேட் ஆகும், கேமரா மாறும், வரும் நோயாளிகள் மாறுவார்கள். காசநோய் எக்ஸ்ரே ஏஐயை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குப் பரிந்துரைத்தபோதும், வெட்டுப்புள்ளியை அந்தந்த இடத்துக்கு ஏற்பத் தீர்மானிக்கச் சொன்னது. டாக்காவில் சுமார் 24,000 பேரிடம் ஐந்து மென்பொருள்களைச் சோதித்தபோது ஐந்துமே கதிரியக்க மருத்துவர்களை மிஞ்சின. அதே ஆய்வில், முன்பே காசநோய் வந்து போனவர்களிடமும் வயதானவர்களிடமும் அவற்றின் திறன் குறைந்தது. ஆறிய தழும்பும் புதிய நோயும் படத்தில் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரியலாம். அப்படிப்பட்ட நோயாளிகள் நிறைய வரும் ஊரில் டாக்காவின் மொத்த எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

மருத்துவமனை நிர்வாகிக்கும் சுகாதாரத் துறை அதிகாரிக்கும் சொல்வதானால், விற்பனைப் பிரதிநிதி 'துல்லியம்' என்று தொடங்கியதும் இவற்றைக் கேட்கலாம்.

1. எந்த ஊர் நோயாளிகளிடம், எந்தக் கேமராவில், எந்த வெட்டுப்புள்ளியில் வந்த எண் அது? சோதித்தது நிறுவனமா, வெளியாரா?
2. எங்கள் பழைய படங்களில் சில நூறை, விடை தெரிந்தவற்றை, எங்கள் முன்னாலேயே ஓட்டிக் காட்ட முடியுமா? முடியாது என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.
3. எத்தனை சதவீதப் படங்களைத் தேறாது என்று திருப்பும்? அந்த நோயாளிகள் அப்புறம் எங்கே போவார்கள்?
4. நோய் இருக்கிறது என்று சொன்ன பிறகு சிகிச்சை தர ஆள் இருக்கிறதா? விழித்திரைப் பாதிப்பைக் கண்டுபிடித்து, லேசர் சிகிச்சைக்குத் தேதி கொடுக்க முடியாத இடத்தில் இன்னும் வேகமாகக் கண்டுபிடித்து ஆவதென்ன? கண்டுபிடித்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்ற எண்ணை யார் எழுதி வைப்பார்கள்?
5. படங்கள் யாருடைய கணினிக்குப் போகின்றன? நோயாளியிடம் சம்மதம் வாங்கியது எதற்கு, சிகிச்சைக்கா, மென்பொருளைப் பழக்கவா?
6. தவறிப் போனால் பொறுப்பு யாருக்கு? ஒப்பந்தத்தின் எந்தப் பத்தியில் அது இருக்கிறது?
7. அப்டேட் வந்தால் முன்கூட்டிச் சொல்வார்களா? மறு சோதனைக்கு யார் செலவு செய்வது?
8. திறன் இறங்குகிறது என்று தெரிந்தால் நிறுத்தும் அதிகாரம் யாரிடம்? மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது சில படங்களை மருத்துவர் தனியாகப் பார்த்து ஒப்பிடவில்லை என்றால், இறங்குவது யாருக்கும் தெரியவே வராது. அந்த மருத்துவரின் அரை நாளையும் ஏஐயின் விலையோடு சேர்த்தே பட்ஜெட்டில் எழுத வேண்டும்.